ஓங்கலுக்குச் சொந்தம் யார்? கரையோரப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாக் விரிகுடாக் கரையோரப் பள்ளிகளில் அறிவியல் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு,

கல்லூரியில் பல ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கோடியக்கரை தொடங்கி இராமேசுவரம் வரையுள்ள உங்கள் பள்ளிகளில் படித்துவிட்டு என் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் நிறைய. பரிணாமம் என்றதும் லாமார்க்கின் ஒட்டகச்சிவிங்கியைச் சொல்வார்கள். டார்வினின் பெயரும் 1859 என்ற ஆண்டும் தவறாமல் வரும். ஆனால் 'ஓங்கலுக்கு (டால்பினுக்கு) நெருங்கிய சொந்தம் எது?' என்று கேட்டால் சிலர் சுறா என்பார்கள், விவரம் தெரிந்தவர்கள் ஆவுளியா என்னும் கடல்பசு என்பார்கள். மாடு என்று சொன்ன பிள்ளையை நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் ஓங்கலை வலையோரம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஆவுளியாவை நேரில் பார்க்காவிட்டாலும் தாத்தா சொல்லக் கேட்டிருப்பார்கள்.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' பாடத்துக்கு வரும்போது, அந்த இரண்டு விலங்குகளிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஒட்டகச்சிவிங்கி பின்னால் வரட்டும்.

ஓங்கலும் ஆவுளியாவும் பார்வைக்கு அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். இரண்டுக்கும் பின்னங்கால் கிடையாது. முன்னங்கால் துடுப்பாகிவிட்டது. உடம்பில் முடி இல்லையென்றே சொல்லலாம். இரண்டும் மேலே வந்து மூச்சு வாங்கும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும். வால் கூடப் படுக்கைவாட்டில் விரிந்து, பிளவுபட்டு, ஒரே அச்சாக இருக்கும். இதையெல்லாம் பார்த்தவர் யாரும் இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றுதான் முடிவு கட்டுவார்கள். ஆனால் ஆவுளியாவுக்கு இன்று நிலத்தில் இருக்கும் நெருங்கிய சொந்தங்களில் ஒன்று யானை. ஓங்கலுக்கு நீர்யானை. அடுத்த சுற்றில் மாடு, ஆடு, மான், பன்றி, ஒட்டகம் எல்லாம் ஓங்கலின் உறவுதான். ஓங்கலின் வழியையும் ஆவுளியாவின் வழியையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், இரண்டும் சந்திக்கும் இடம் டைனோசர் காலத்து நிலத்தில் திரிந்த சின்னஞ்சிறு நாலுகால் பாலூட்டி ஒன்று. அதற்கு இப்பால் அவற்றுக்குள் பொதுவான பாட்டன் கிடையாது. உங்கள் ஊர்த் தெருவில் நிற்கும் பசுமாட்டுக்கு, கடலில் இருக்கும் ஆவுளியாவை விட ஓங்கல் நெருங்கிய சொந்தம்.

இதைச் சொன்னதும் வகுப்பு நம்பாது. நம்பாமல் இருப்பதே நல்லது. 'எப்படித் தெரியும்?' என்ற கேள்வி அப்போதுதான் வரும்.

முதலில் மடியைப் பாருங்கள். பசுவுக்கும் ஆட்டுக்கும் மடி பின்னங்கால்களுக்கு நடுவே. யானைக்கு அங்கே தேடினால் கிடைக்காது. அதற்கு முன்னங்கால்களுக்கு நடுவே, மார்பில் இரண்டு காம்புகள். ஆவுளியாவுக்கும் அப்படியே, துடுப்புக்குப் பின்னால் அக்குள் பக்கம். ஓங்கலுக்கு வாலை நோக்கி, பிறப்புறுப்புப் பிளவின் இரு பக்கமும் சிறு பிளவுகளுக்குள் காம்புகள் மறைந்திருக்கும். கடல் இரண்டையும் ஒரே வடிவத்துக்குத் தேய்த்திருக்கிறது. மடியின் இடத்தை மட்டும் மாற்றவில்லை.

அடுத்தது இரைப்பை. ஓங்கல் மீன் தின்கிறது, அதற்குப் பல அறை கொண்ட இரைப்பை. ஆவுளியா கடல்புல் மேய்கிறது, அதற்கு மாட்டைப் போல அறை அறையான இரைப்பை இல்லை. தின்ற புல் பெரும்பாலும் நீண்ட குடலில்தான் நொதிக்கிறது. யானைக்கும் குடலில்தான். தின்னும் தீனியை மட்டும் வைத்துப் பார்த்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? மீன் தின்பதற்கு எதற்கு அத்தனை அறை? இரை மாறியும் இரைப்பை வம்சத்தை விட்டு நகரவில்லை. பல்லும் அப்படியே. ஆண் ஆவுளியாவுக்குச் சிறு தந்தம் உண்டு. அது மேல்தாடை வெட்டுப்பல்லின் வளர்ச்சி. யானைத் தந்தமும் வெட்டுப்பல்லே. காட்டுப்பன்றிக்கு வெளியே நீண்டு வளைந்திருப்பது கோரைப்பல். தந்தம் என்று நாம் ஒரே பெயரில் அழைத்தாலும் அவை வேறு வேறு பற்கள்.

வாலுக்கு வருவோம், இது உங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்தது. சுறா வாலைப் பக்கவாட்டில் வீசும். கடல்பாம்பும் பக்கவாட்டில் நெளியும். ஓங்கலும் ஆவுளியாவும் மட்டும் வாலை மேலும் கீழும் அடித்து நீந்துகின்றன. ஏன் என்று கேளுங்கள். விடை தெருவில் ஓடும் நாயிடம் இருக்கிறது. பாலூட்டி பாய்ந்து ஓடும்போது அதன் முதுகெலும்பு மேலும் கீழும் வளைந்து நிமிரும். பல்லி ஓடும்போது உடம்பு பக்கவாட்டில் நெளியும். கடலுக்குள் இறங்கிய பாலூட்டிகள், நிலத்தில் ஓடிய முதுகை அப்படியே எடுத்துக்கொண்டு போயின.

இனித் திமிங்கலத்தின் கதை. ஓங்கலும் பல்லுள்ள திமிங்கல வகையைச் சேர்ந்ததுதான் என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் கரையேறிக் கிடந்ததைப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். அவையும் ஓங்கலின் குடும்பமே. லின்னேயஸ் 1758-லேயே திமிங்கலத்தை மீன் கூட்டத்திலிருந்து எடுத்துப் பாலூட்டிகளோடு சேர்த்துவிட்டார். எந்தப் பாலூட்டியின் வழியில் வந்தது என்பதுதான் பிடிபடவில்லை. டார்வின் தம் நூலின் முதல் பதிப்பில், வாயைத் திறந்தபடி நீந்திப் பூச்சி பிடிக்கும் கரடியைக் காட்டி, அப்படி ஒன்று காலப்போக்கில் திமிங்கலம் போல் ஆகலாம் என்று ஊகித்தார். கேலி அதிகமாகவே, அடுத்த பதிப்பில் அதைச் சுருக்கிவிட்டார். கரடி என்ற ஊகம் நிற்கவில்லை. 1883-இல் வில்லியம் ஃப்ளவர் குளம்பு விலங்குகளைப் பாருங்கள் என்றார். 1950-இல் பாய்டனும் ஜெமராயும் இரத்தத்தின் ஊனீரை வைத்துச் சோதித்தபோது, திமிங்கலம் இரட்டைப்படைக் குளம்பிகளுக்கு, அதாவது மாடு, ஆடு, பன்றிக் கூட்டத்துக்கு நெருக்கம் என்று வந்தது. எலும்பு பார்ப்பவர்கள் இதை ஏற்கத் தயங்கினார்கள். ஓநாய் போன்ற உருவமும் குளம்பும் கொண்டு, மாமிசம் தின்று, முற்றாக அழிந்துபோன மெசோனிக்கிட் என்ற கூட்டமே திமிங்கலத்தின் மூலம் என்பது அவர்கள் கட்சி. பல்லின் வடிவம் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது.

அந்தக் கட்சியின் முக்கியமான ஆள் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஃபிலிப் ஜிஞ்செரிச். பாகிஸ்தானில் ஏறத்தாழ 5 கோடி ஆண்டு பழமையான பாறையில் கிடைத்த மண்டையோட்டுக்கு 1981-இல் பாக்கிசீட்டஸ் என்று பெயரிட்டவர்களில் ஒருவர். நாலு காலோடு நிலத்தில் நடந்த விலங்கு அது. ஆனால் காது எலும்பு திமிங்கலத்தின் காது எலும்பு. 1994-இல் ஹான்ஸ் தெவிஸ்ஸெனும் அவருடைய பாகிஸ்தானிய சகாக்களும் ஆம்புலோசீட்டஸை வெளியிட்டார்கள்: நடக்கவும் நீந்தவும் முடிந்த, பெரிய பின்பாதங்கள் உள்ள விலங்கு. காலுள்ள திமிங்கலங்கள் இருந்தன என்பது உறுதியாகிவிட்டது. யாருடைய கால்கள் என்பதுதான் மிச்சம். அதற்குக் கணுக்கால் எலும்பு வேண்டும்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன். பாடம் நடத்துவதற்கு முந்தைய நாள் கறிக்கடையில் சொல்லிவைத்து, ஆட்டின் பின்னங்காலைக் கணுக்கால் மூட்டோடு சேர்த்து வாங்குங்கள். வேகவைத்துச் சுத்தம் செய்தால் மூட்டுக்குள்ளிருந்து, இரண்டு விரலால் பிடித்துக்கொள்கிற அளவில், கட்டையான ஒரு எலும்பு தனியாகக் கழன்று வரும். அதன் மேல்முனையில் வழுவழுப்பான பள்ளம் ஒன்று ஓடும். கீழ்முனையிலும் அதே போல இன்னொரு பள்ளம். உடற்கூறியலில் இதை இரட்டைக் கப்பி எலும்பு என்கிறோம். வகுப்பில் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கட்டும், விரலால் தடவட்டும். நாய்க்கும் பூனைக்கும் முயலுக்கும் நமக்கும் இந்த எலும்பின் மேல்பக்கம் மட்டும்தான் கப்பி. கீழ்ப்பக்கம் வேறு வடிவம். இரண்டு முனையிலும் கப்பி உள்ளவை மாடு, ஆடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை ஆகிய ஒரே கூட்டம்தான்.

2001-இல் ஜிஞ்செரிச் குழுவினர் பலுசிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கலங்களின் கணுக்காலை வெளியிட்டார்கள். இரட்டைக் கப்பி. அதே சமயத்தில் தெவிஸ்ஸென் குழுவினர் பாக்கிசீட்டஸ் வகையின் எலும்புகளை வெளியிட்டார்கள். அங்கும் இரட்டைக் கப்பி. ஜிஞ்செரிச் தம் பழைய கருத்தைக் கைவிட்டார். இரத்தச் சோதனைக்காரர்கள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார். பிள்ளைகளிடம் இந்தப் பகுதியை நிதானமாகச் சொல்லுங்கள். 'பரிணாமம் ஒரு கொள்கைதானே' என்று இழுக்கிற குரல் ஆசிரியர் அறைகளிலேயே கேட்கிறது, எனக்கு அது வருத்தம் தருகிறது. ஒருவர் தாம் எதிர்பார்த்ததற்கு மாறான எலும்பைத் தாமே தோண்டி எடுத்து, தம் முடிவை மாற்றிக்கொண்டிருக்கிறார். சோதித்துப் பார்க்க முடியாத ஒன்றில் இது நடக்குமா?

இன்னொரு கண்டுபிடிப்பு நம் நாட்டுப் பாறையில் நடந்தது. ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் இந்திய நிலவியலாளர் அ. ரங்கராவ் புதைபடிவப் பாறைகளைச் சேகரித்து, அதிலிருந்த ஒரு சிறு குளம்பு விலங்குக்கு 1971-இல் இண்டோஹியஸ் என்று பெயர் வைத்தார். கிடைத்ததில் பெரும்பகுதி உடைக்கப்படாமலே கிடந்தது. அவர் காலமான பிறகு அவருடைய மனைவி அந்தப் பாறைகளைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்து தெவிஸ்ஸெனிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் மண்டையோடு ஒன்றைப் பாறையிலிருந்து பிரிக்கும்போது தவறுதலாகக் காதுப்பகுதி உடைந்தது. உடைந்த இடத்தில் தெரிந்த எலும்பின் உட்சுவர் தடித்திருந்தது. அந்தத் தடிப்பு அதுவரை திமிங்கலங்களிடம் மட்டுமே அறியப்பட்டிருந்தது. 2007-இல் இந்த ஆய்வு வெளியானது. இண்டோஹியஸ் ஒரு பெரிய பூனை அளவு. கால் எலும்பின் சுவர் கெட்டியாக, கனமாக இருந்ததால் அது தண்ணீரில் இறங்கி நடந்த விலங்கு என்று கணித்தார்கள். நம் காடுகளில் உள்ள சருகுமானுக்கு ஆப்பிரிக்காவில் ஓர் உறவினம் உண்டு. ஆபத்து என்றால் ஆற்றில் குதித்து முழுகிக்கொள்ளும். இண்டோஹியஸும் அப்படி ஏதோ பயந்துதான் முதலில் தண்ணீரில் இறங்கியிருக்கும் என்று தெவிஸ்ஸென் கருதுகிறார். எனக்கு இந்தக் கருத்து பிடித்திருக்கிறது.

அந்தக் காலத்தில் இந்திய நிலப்பகுதிக்கும் ஆசியாவுக்கும் இடையே டெதிஸ் கடல் ஒடுங்கிக்கொண்டிருந்தது. அதன் வெதுவெதுப்பான ஆழமில்லாத ஓரங்கள்தான் திமிங்கலத்தின் பிறந்த வீடு. இமயமலை எழுந்து அந்தக் கடலை மூடியதால் அந்த எலும்புகள் இன்று மலையிலும் பாலையிலும் கிடைக்கின்றன. குஜராத்தின் கட்ச் பகுதியிலும் அவை உண்டு. அங்கே 1970-களில் அசோக் சாஹ்னியும் விஜய் பிரகாஷ் மிஸ்ராவும் ஆதித் திமிங்கலங்களை விவரித்தார்கள். பிற்பாடு முழுக்கக் கடலுக்குள் போய்விட்ட பாசிலோசாரஸ் என்ற திமிங்கலத்தை எகிப்தின் வாதி அல்-ஹிதான் பள்ளத்தாக்கில் காணலாம். உடம்பு பதினைந்து மீட்டருக்கும் மேல். பின்னங்காலோ முழங்கால், பாதம், விரல் எல்லாம் இருந்தும் நடக்கவே உதவாத அளவுக்குச் சிறியது. 1990-இல் அந்தக் கால்களைப் பற்றிய செய்தி வெளியானது.

எலும்பு ஒரு சாட்சி. எலும்பைப் பார்க்காமலே மரபணு அதே தீர்ப்பைச் சொல்கிறது. நம் எல்லோருடைய மரபுப் பொருளிலும் தன்னைத்தானே நகலெடுத்து வேறு இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும் துண்டுகள் உண்டு. கோடிக்கணக்கான இடங்களில் எங்கு வேண்டுமானாலும் செருகலாம் என்பதால், இரண்டு விலங்குகளில் ஒரே துண்டு ஒரே இடத்தில் இருந்தால், அவற்றின் பொதுப் பாட்டனிடமே அது செருகியிருக்க வேண்டும். ஜப்பானில் நோரிஹிரோ ஒகாடாவின் குழு 1990-களின் பிற்பகுதியில் இப்படித் தேடியபோது, திமிங்கலத்துக்கும் நீர்யானைக்கும் மட்டும் பொதுவான செருகல்கள் கிடைத்தன. மாட்டையும் சேர்த்துக்கொண்ட செருகல்கள் வேறு இடங்களில் கிடைத்தன. அதே மரபுப் பொருளில் இழப்பின் தடமும் இருக்கிறது. பல்லில்லாத பெருந்திமிங்கலங்களின் கருவில் பற்கள் அரும்பிப் பின்பு கரைந்துபோகின்றன. பல் எனாமலுக்கான மரபணுக்கள் அவற்றிடம் பழுதுபட்ட நிலையில் இன்னமும் இருக்கின்றன. ஓங்கலின் கருவில் பின்னங்கால் மொட்டு தோன்றிச் சில வாரங்களில் மறைந்துவிடும். 2006-இல் ஜப்பானின் தாய்ஜி கடலில் பிடிபட்ட ஓர் ஓங்கலுக்குப் பின்பக்கமும் ஒரு ஜோடித் துடுப்பு இருந்தது.

ஆவுளியாவின் கதையை விரித்தால் மடல் நீண்டுவிடும். ஒன்று மட்டும்: ஜமைக்காவில் 5 கோடி ஆண்டு அளவிலான பாறையில் நாலு காலில் நடக்கத்தக்க கடல்பசு கிடைத்தது, 2001-இல் டாரில் டாம்னிங் அதற்குப் பெசோசைரன் என்று பெயரிட்டார். கடலுக்குள் தனித்தனியாகப் போன இரண்டு பயணங்கள், இரண்டுக்கும் கால்தடம் இருக்கிறது.

வகுப்பில் நாம் தடுக்கி விழும் இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாக்கிசீட்டஸ், ஆம்புலோசீட்டஸ், பாசிலோசாரஸ், ஓங்கல் என்று அம்புக்குறி போட்டு வரிசையாக வரைகிறோம். பிள்ளைகள் அதை ஏணி என்று எடுத்துக்கொள்கிறார்கள். இண்டோஹியஸ் புதைந்த காலத்தில் திமிங்கலங்கள் ஏற்கெனவே இருந்தன. ஆகவே அது திமிங்கலத்தின் பாட்டனாக இருக்க முடியாது. பாட்டனின் சாயலைக் கொண்டிருந்த பங்காளி. நமக்குக் கிடைக்கும் புதைபடிவங்களில் பெரும்பாலானவை இப்படிப் பங்காளிகள்தான். நேர்வம்சத்தில் வந்த அந்த ஒரு விலங்கின் எலும்பே கையில் கிடைத்தது என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இருக்காது, அது தேவையும் இல்லை. டார்வினின் நூலில் இருக்கும் ஒரே படம் கிளைவிடும் கோடுகள்தான். கரும்பலகையிலும் கிளையாகவே வரையுங்கள்.

கிளையாக வரைந்தால், 'குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் குரங்கு ஏன் இருக்கிறது?' என்ற கேள்விக்கும் வேலை மிச்சம். பெரியப்பா மகனும் நீயும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். நீ அவனுக்குப் பிறக்கவில்லை, நீ பிறந்ததால் அவன் இல்லாமல் போகவும் இல்லை. சிம்பன்சியும் நாமும் பிரிந்து ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு 48 குரோமோசோம்கள், நமக்கு 46. நம் இரண்டாவது குரோமோசோமின் நடுவில், முனையில் மட்டுமே இருக்க வேண்டிய வரிசை இருக்கிறது: இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்ட தழும்பு. இந்த விடையைக் கேட்ட பிறகு எந்த வகுப்பும் அந்தக் கேள்வியைக் கிண்டலாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இன்னொரு திருத்தம். திமிங்கலத்தின் உடம்புக்குள் மிச்சமிருக்கும் இடுப்பெலும்பை 'பயனற்ற எச்ச உறுப்பு' என்று எழுதிப்போடுகிறோம். இனப்பெருக்க உறுப்பின் தசைகள் அதில்தான் பற்றியிருக்கின்றன. அதற்கு வேலை இருக்கிறது. கால் தாங்கும் பழைய வேலை போய்விட்டது, அவ்வளவே. பயனற்றது என்று சொல்லிவைத்தால், பிற்பாடு அதற்குப் பயன் உண்டு என்று தெரிந்துகொள்ளும் மாணவர் முழுப் பாடத்தையும் சந்தேகிப்பார்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடத்திலிருந்து பரிணாமம் நீக்கப்பட்டு, மரபு மட்டும் மிஞ்சியது. 2023-இல் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு அதை எதிர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்று பதில் வந்தது. பத்தோடு உயிரியலை விட்டுவிடும் பிள்ளைக்கு அந்தப் பதிலால் என்ன பயன்? நம் மாநிலப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது. அதைக் கடைசி வாரத்தில் 'முக்கிய வினா' பார்த்து ஓட்டிவிட்டால், இருந்தும் இல்லாத கதைதான்.

ஆவுளியாவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலைத் தமிழ்நாடு அரசு 2022-இல் பாதுகாப்பகமாக அறிவித்தது. உங்கள் பள்ளிகள் சிலவற்றின் ஜன்னலிலிருந்தே அந்தக் கடல் தெரியும். வலையில் சிக்கிய ஆவுளியாவை அறுத்துவிடும் மீனவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில். ஆவுளியா ஆனைக்குச் சொந்தம் என்று வீட்டில் போய்ச் சொல்லி, அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டுவரச் சொல்லுங்கள்.

முடிப்பதற்கு முன் நடைமுறையாக ஒன்று. ஓங்கலோ ஆவுளியாவோ இறந்து கரை ஒதுங்கினால் யாரும் தொட வேண்டாம், நோய் தொற்றலாம். வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் வந்து அறுத்துப் பார்க்கும்போது, மாணவர்கள் சிலர் காற்று வீசும் திசைக்கு மேல்பக்கம் தள்ளி நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். காம்பு எங்கே இருந்தது, இரைப்பையில் எத்தனை அறை, துடுப்புக்குள் எத்தனை விரல், இடுப்பெலும்பு தென்பட்டதா என்று மருத்துவரிடமே கேட்டு, நாளும் இடமும் நீளமும் போட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். படமும் வரையட்டும். அந்த நோட்டைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு வகுப்புக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவர்